டெல்டா கடலில் பாக்டீரியாவை எண்ண எது தோது: பிளேட்டா, மைக்ரோஸ்கோப்பா, ஃப்ளோ சைட்டோமீட்டரா?

மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார், திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம், மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டை: எதை எடுத்தாலும் பஸ்ஸில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் உப்புத் தண்ணீர் வந்துவிடும். அப்படியிருந்தும் இந்தப் பக்கம் நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு எம்.எஸ்சி. புராஜெக்ட் என்றால் வயல் மண், மார்க்கெட் மீன், குடிநீர்த் தொட்டி என்றே தலைப்புகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. கடல் நீரில் மிதந்து வாழும் பாக்டீரியா எவ்வளவு, எங்கே கூடுதல், எந்த மாதம் ஏறி எந்த மாதம் இறங்குகிறது என்று தொடர்ந்து எண்ணிப் பார்க்கும் வேலையை ஒரு உள்ளூர்க் கல்லூரியே எடுத்துச் செய்யலாம். செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

அப்படி ஒரு துறை இறங்கினால் முதல் மாதமே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். கிடைக்கும் நிதி பெரும்பாலும் ஒரு பெரிய கருவிக்குத்தான் காணும். அதை எதில் போடுவது? என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சாயம் ஏற்றிய செல்களை ஒளிரவைத்துக் காட்டும் ஃப்ளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப். மற்ற வழிகளுக்கும் அவற்றுக்கான இடம் உண்டு, அதையும் சொல்கிறேன். ஆனால் நம் கரையின் சேற்றுத் தண்ணீருக்கும் நம் கல்லூரிகளின் கைக்கும் ஒத்துவந்து, மாதம் தவறாமல் எண்ண விடுகிற வழி இதுதான்.

எண்ணப்போவது என்ன என்று கொஞ்சம் தெரிந்தால்தான் ஒப்பிட முடியும். வளமான கரையோரக் கடலில் ஒரு மில்லி லிட்டர் தண்ணீரில் சுமார் 10 லட்சம் பாக்டீரியா இருக்கும். இடத்தையும் காலத்தையும் பொறுத்து சில லட்சத்துக்கு இறங்கும், சில பத்து லட்சத்துக்கு ஏறும். பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டர்கூட இருக்காது. மிதவைத் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையில் உண்டாக்கும் உணவில் கணிசமான பங்கு கரைந்த கரிமப் பொருளாகத் தண்ணீரில் கசிந்துவிடுகிறது. மீனும் இறாலும் அதை நேரடியாகத் தின்ன முடியாது. பாக்டீரியாதான் அதை உறிஞ்சி உடம்பாக்குகிறது. அந்தப் பாக்டீரியாவை நுண்ணிய கசையிழை உயிரிகள் தின்கின்றன, அவற்றை இன்னும் கொஞ்சம் பெரியவை தின்கின்றன. 1974இல் லாரன்ஸ் பொமராய் இந்தப் பாதையின் முக்கியத்துவத்தை எடுத்துச் சொன்னார். 1983இல் ஃபரூக் அசாமும் கூட்டாளிகளும் இதற்கு நுண்ணுயிர் வளையம் என்று பெயர் வைத்தார்கள். நாகப்பட்டினம் துறைமுகத்தில் கூடை கூடையாக இறங்கும் மீனுக்குப் பின்னால் இந்தக் கண்ணுக்குத் தெரியாத அடுப்பும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

தின்னும் உயிரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. வைரஸ்களோ பாக்டீரியாவைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு அதிகம். அதனால் கடலில் பாக்டீரியா எண்ணிக்கை ஒரேயடியாக எகிறுவதும் இல்லை, ஒரேயடியாக விழுவதும் இல்லை. ஒரே இடத்தில் இரண்டு மடங்கு மாறினாலே அது சேதிதான். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், இந்த இரண்டு மடங்கு வித்தியாசத்தை நம்பும்படி காட்டுமா என்று கேளுங்கள். நான் எல்லாவற்றையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

பிளேட் போடுவது, அதாவது அகார் என்ற உணவுக் கூழில் தண்ணீரைப் பரப்பி எழும் காலனிகளை எண்ணுவது, எல்லா லேப்பிலும் நடப்பதுதான். ஆட்டோகிளேவ் இருக்கிறது, இன்குபேட்டர் இருக்கிறது, கடல் பாக்டீரியாவுக்கான ஸோபெல் 2216 அகார் ஒரு டப்பா வாங்கினால் போதும். ஆனால் மில்லிக்கு 10 லட்சம் பாக்டீரியா உள்ள தண்ணீரை அதில் பரப்பினால், எழும் காலனிகளை வைத்துக் கணக்குப் போடும்போது சில நூறோ சில ஆயிரமோதான் தேறும். நூற்றில் ஒன்றுகூட இல்லை. 1985இல் ஸ்டேலியும் கொனோப்காவும் இந்த முரண்பாட்டை எடுத்துப் பேசிய பிறகு யாரும் இதை மறுப்பதில்லை. பெப்டோனும் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டும் நிறைந்த அகார், மிகக் குறைந்த உணவில் வாழப் பழகிய கடல் பாக்டீரியாவுக்கு ஒத்துக்கொள்வதில்லை. உலகக் கடல்களில் மிக அதிகமாகக் காணப்படும் சார்11 என்ற கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் மரபணு வழியாகத்தான் அது இருப்பதே தெரிந்தது. லேப்பில் வளர்க்க 2002 வரை ஆனது, அதுவும் அகாரில் இல்லை, கடல் நீரிலேயே.

குறைவாகக் காட்டுவது மட்டும்தான் குறை என்றால் ஒரு பெருக்கெண் போட்டுச் சரிசெய்துவிடலாம். தொல்லை என்னவென்றால், பிளேட்டில் வளரும் பங்கு நிலையாக நிற்பதில்லை. ஐப்பசி அடைமழையில் ஆற்றோடு ஊர்க் கழிவும் சேர்ந்து வரும்போது, கொழுத்த உணவில் வேகமாக வளரும் இனங்கள் கூடிவிடும். பிளேட் எண்ணிக்கை பத்து மடங்கு ஏறலாம். அதே தண்ணீரில் மொத்த எண்ணிக்கை ஒன்றரை மடங்குகூட ஏறியிருக்காது. பிளேட்டை மட்டும் வைத்துக்கொண்டு கடலில் பாக்டீரியா பத்து மடங்கு பெருகியது என்று ஆய்வேட்டில் எழுதினால் அது தப்பு.

அதற்காகப் பிளேட்டை ஒதுக்கிவிடக் கூடாது. வேதாரண்யம் பக்கத்து இறால் பண்ணை ஒன்றின் வாய்க்காலில் விப்ரியோ என்ற பாக்டீரியா வகை எவ்வளவு என்பது கேள்வியானால், அதைத் தேர்ந்து வளர்க்கும் டிசிபிஎஸ் அகார்தான் சரியான வழி. சுக்ரோஸைப் புளிக்க வைக்கும் விப்ரியோ மஞ்சள் காலனியாக எழும், பாராஹீமோலிட்டிக்கஸ் போன்றவை பச்சையாக எழும். பண்ணைக்காரர்களே இந்த மஞ்சளையும் பச்சையையும் பற்றிப் பேசுவார்கள். அங்கே மைக்ரோஸ்கோப் உதவாது. சாயம் ஏறிய பிறகு விப்ரியோவும் மற்றதும் ஒரே நிறப் புள்ளிதான்.

இப்போது மைக்ரோஸ்கோப்புக்கு வருவோம். 1977இல் ஹாபியும் உடன் வேலை செய்தவர்களும் அக்ரிடின் ஆரஞ்ச் சாயம் ஏற்றி, சீரான துளைகள் உள்ள பாலிகார்பனேட் ஃபில்டரில் கடல் பாக்டீரியாவை எண்ணிக் காட்டினார்கள். 1980இல் போர்ட்டரும் ஃபெய்கும் டாபி சாயத்தைக் கொண்டுவந்தார்கள். அது டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு, புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். இத்தனை வருடம் ஆகியும் புதுக் கருவிகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்க இந்த முறையிடம்தான் வருகிறார்கள். இரண்டு சாயத்தில் நம் தண்ணீருக்கு டாபியே மேல். சேற்றுத் தண்ணீரில் அக்ரிடின் ஆரஞ்ச் கசடுகளிலும் ஏறிக்கொண்டு பின்னணியையே பளபளக்க வைத்துவிடும்.

வேலை இப்படிப் போகும். செல்கள் கெடாமல் அப்படியே நிலைக்க, படகிலேயே 19 மில்லி கடல் நீரில் 1 மில்லி ஃபார்மலின் விடுங்கள். ஃபார்மால்டிஹைடு ஏறத்தாழ 2 சதவீதத்துக்கு வந்துவிடும். ஐஸ் பெட்டியில், வெளிச்சம் படாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள். கூடிய சீக்கிரம் வடிகட்டிவிடுங்கள், ஏனென்றால் ஃபார்மலினில் கிடக்கும் நாள் கூடக்கூட எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். ஒரு மில்லி எடுத்து, டாபி கலந்து சில நிமிடம் இருட்டில் வைத்து, 0.2 மைக்ரோமீட்டர் துளையுள்ள கறுப்பு ஃபில்டரில் மெதுவான உறிஞ்சலில் வடிகட்ட வேண்டும். ஃபில்டரின் அடியில் இன்னொரு ஆதார ஃபில்டரை நனைத்து வைத்தால் புள்ளிகள் ஒரு பக்கமாகக் குவியாமல் பரவலாக விழும். ஸ்லைடில் வைத்து ஆயில் விட்டு 1000 மடங்கில் பார்த்தால் கறுப்புத் தரையில் நீலப் புள்ளிகள் தெரியும். சிறு உருண்டை, குட்டைக் கோல், காற்புள்ளி போல வளைந்தது, இரண்டாகப் பிரியப்போகும் ஜோடி. இடையில் மங்கிய மஞ்சளில் ஒழுங்கில்லாத துணுக்குகள் கிடக்கும், அவை கசடு. ஒரு துணுக்கின் ஓரத்தில் ஏழெட்டு நீலப் புள்ளிகள் வரிசையாக ஒட்டியிருப்பதை முதன்முறை பார்க்கிற மாணவி கண்ணை எடுக்க மாட்டாள்.

கணக்கும் எளிது. ஃபில்டரில் தண்ணீர் பரவும் பரப்பு 200 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணருகு வில்லையில் உள்ள கட்டம் ஸ்லைடில் 100க்கு 100 மைக்ரோமீட்டரைக் காட்டினால், மொத்தப் பரப்பில் அப்படி 20,000 கட்டங்கள் அடங்கும். ஒரு மில்லி வடிகட்டி, கட்டத்துக்குச் சராசரியாக 50 பாக்டீரியா வந்தால் 50 பெருக்கல் 20,000, அதாவது மில்லிக்கு 10 லட்சம். ஃபார்மலின் சேர்த்ததற்கு 20/19ஆல் பெருக்க மறக்கக் கூடாது. மொத்தம் 400 எண்ணினாலே எண்ணுவதில் வரும் தற்செயல் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதனால் ஃபில்டரின் பல இடங்களில் கட்டங்களைத் தேர்ந்து ஐந்நூறு அறுநூறு எண்ணினால் போதும். இரண்டு மடங்கு மாற்றம் இதில் தப்பவே தப்பாது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டாபியில் ஒளிர்வதெல்லாம் கரைந்த உணவை உறிஞ்சி வாழும் பாக்டீரியா மட்டும் இல்லை. ஆர்க்கியா என்ற வேறு வகை நுண்ணுயிர்களும், ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாவும் அந்த எண்ணில் சேர்ந்தே இருக்கும். சினெகோகாக்கஸ் போன்ற சயனோபாக்டீரியாவைத் தனியே எண்ண வேண்டுமானால் சாயமே வேண்டாம், ஒளியின் நிறத்தை மாற்றினால் தன் நிறமியாலேயே ஒளிரும்.

நம் கரைக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதற்கு முக்கியக் காரணம் சேறு. பழையாறு பக்கம் கொள்ளிடம் கடலில் கலக்கும் இடம், முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டுக்கு நடுவே உள்ள காயல், கோடியக்கரைக்குத் தெற்கே ஆழம் குறைந்த பாக் விரிகுடா, எல்லாவற்றிலும் தண்ணீரில் களிமண்ணும் மக்கிய இலைத்துகளும் மிதக்கும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே அடி கலங்கி மேலே வரும். ஒரு கன சென்டிமீட்டர் கடலடிச் சேற்றில் பாக்டீரியா நூறு கோடி அளவில் இருக்கும், அதனால் அந்தக் கலக்கமே மேல்தண்ணீரின் எண்ணிக்கையை மாற்றிவிடும். இந்த மாதிரித் தண்ணீரில் பாக்டீரியாவில் பெரும் பங்கு துகள்களில் ஒட்டியே வாழும். மைக்ரோஸ்கோப்பில் உட்காருகிறவர் ஒட்டியது எத்தனை, தனியாக மிதப்பது எத்தனை என்று பிரித்தே எழுதலாம். டெல்டாவின் கடலுக்கு அந்த விகிதம்தான் மிக முக்கியமான சேதி என்பது என் எண்ணம்.

குறைகளும் இருக்கின்றன. கார்த்திகை மாத ஆற்று முகத்துவாரத் தண்ணீரில் ஒரு மில்லியை வடிகட்டினால் ஃபில்டர் முழுக்கச் சேறு மூடிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. அப்போது கால் மில்லியோ அதற்கும் குறைவாகவோ எடுத்து, அதே உப்பளவுள்ள வடிகட்டிய நீரில் கலந்து போட வேண்டும். சோடியம் பைரோபாஸ்பேட் சேர்த்து லேசாக சோனிகேட் செய்தால், அதாவது மீயொலியால் அதிரவைத்தால், ஒட்டியவை கழன்று வரும், ஆனால் ஒட்டியது எத்தனை என்ற தகவல் போய்விடும். அப்புறம் ஆள் மாறினால் எண்ணிக்கையும் மாறும். எண்ணுகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே ஸ்லைடை எண்ணிப் பார்த்து வித்தியாசத்தை எழுதிவைக்க வேண்டும். கேமரா இருந்தால் படம் எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்ஜே மென்பொருளில் எண்ணலாம். கண்ணுக்கும் ஓய்வு, பின்னால் சரிபார்க்கவும் ஆதாரம். டாபியும் ஃபார்மலினும் உடம்புக்கு ஆகாதவை, கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

வாங்கும்போது விளக்கை மட்டும் கவனித்து வாங்குங்கள். பழைய பாதரச விளக்கு சில நூறு மணி நேரம்தான் எரியும், அணைத்த உடனே திரும்பப் போட்டால் கெட்டுப்போகும். மின்சாரம் வந்து வந்து போகும் ஊரில் அது சரிப்படாது. எல்இடி விளக்குள்ள மாடலில் டாபிக்கான புற ஊதா அலைநீளம் இருக்கிறதா என்று கேளுங்கள். சிலவற்றில் நீலமும் பச்சையும் மட்டும்தான் இருக்கும்.

ஃப்ளோ சைட்டோமீட்டரில் வேகம்தான் சிறப்பு. சைபர் கிரீன் சாயம் ஏற்றிய தண்ணீர் நூல் போல ஓட, லேசர் ஒவ்வொரு செல்லையும் தொட்டுப் பார்த்து எண்ணும். ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் முடிந்துவிடும், களைப்பும் கிடையாது. டிஎன்ஏ அதிகமுள்ளவை, குறைவானவை என்று இரண்டு கூட்டமாகப் பிரித்தும் காட்டும். 1988இல் வெளியான ஆய்வில் சாலி சிசோமின் குழு புரோகுளோரோகாக்கஸ் என்ற மிகச் சிறிய ஒளிச்சேர்க்கை உயிரியை அறிவித்ததே இந்தக் கருவியின் உதவியால்தான். ஆழ்கடல் போன்ற தெளிந்த தண்ணீருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் நம் தண்ணீரில் அதற்குச் சிரமம் அதிகம். கருவி அடைத்துக்கொள்ளாமல் இருக்க முதலில் பெரிய துகள்களைச் சல்லடையில் நீக்க வேண்டும், துகளில் ஒட்டிய பாக்டீரியாவும் அதோடு போய்விடும். தப்பி உள்ளே வரும் துகளில் பத்து ஒட்டியிருந்தாலும் கருவிக்கு அது ஒன்று. களிமண் துணுக்குகளும் சமிக்ஞையைக் குழப்பும். விலையும் பல பத்து லட்சம். ஏசி அறை, யுபிஎஸ், ஆண்டுப் பராமரிப்பு, ரிப்பேர் என்றால் வெளியூரிலிருந்து இன்ஜினியர் என்று செலவு தொடரும். ஒரு வருடத் தொடரின் நடுவில் கருவி இரண்டு மாதம் படுத்துவிட்டால் போன மழைக்காலம் திரும்ப வராது. கடல் மாதிரிகளே வேலையாக உள்ள பெரிய நிறுவனத்துக்கு இது வேண்டும். ஒரு கல்லூரித் துறை தன் மொத்த நிதியையும் இதில் போடக் கூடாது.

டிஎன்ஏ சீக்வென்சிங் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அது வேறு கேள்விக்கான பதில். யார் யார் இருக்கிறார்கள் என்று அது சொல்லும், எத்தனை பேர் என்று சொல்லாது. வரும் தரவு விகிதம்தான். மொத்த எண்ணிக்கை கையில் இருந்தால் அந்த விகிதத்துக்கு இன்னும் பலம் கூடும். ஆகவே மைக்ரோஸ்கோப் எண்ணிக்கை முதலில், வசதி வரும்போது சீக்வென்சிங். இதற்கென்று தனியே வடிகட்டிய ஃபில்டரை இப்போதே உறையவைத்து எடுத்துவைத்தால் பின்னால் அனுப்பிக்கொள்ளலாம்.

கருவியை முடிவு செய்த பிறகு இன்னொரு தேர்வு வரும்: ஒரே பருவத்தில் பழையாறிலிருந்து கோடியக்கரை வரை பல இடங்களில் எடுப்பதா, சில இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு எல்லா மாதமும் எடுப்பதா? இரண்டாவதைத்தான் செய்யச் சொல்வேன். இந்தக் கரையில் இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசத்தைவிடப் பருவம் மாறும்போது வரும் வித்தியாசம் பெரிதாக இருக்கும் என்பது என் கணிப்பு. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் அந்தத் தண்ணீரை வயல்தான் குடிக்கும். கடைமடை தாண்டிக் கடலுக்குப் போவது கொஞ்சம்தான். கடலுக்கு நன்னீர் உண்மையில் போவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில், பிறகு மேட்டூர் நிரம்பி உபரி திறக்கும் வருடங்களில் கொள்ளிடம் வழியாக. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மதகுகள் உடைந்த அந்த வெள்ளம் மாதிரி ஒன்று வரும்போது முகத்துவாரத்தில் உப்பும் மண்ணும் பாக்டீரியாவும் எப்படி மாறின என்று சொல்ல, அதற்கு முந்தைய மாதங்களின் எண்ணிக்கை கையில் இருக்க வேண்டும். கரையோர நீரோட்டமும் திசை மாறும். பிப்ரவரிக்குப் பிறகு வடக்கு நோக்கி ஓடுவது, நவம்பர் வாக்கில் தெற்கே திரும்பிவிடும். அந்தத் திருப்பத்தின் இரு பக்கமும் எண்ணாமல் எந்த வரைபடமும் முழுமையாகாது.

இடம் என்றால், கரையோடு ஒட்டி வரிசையாக எடுக்காமல் கரையிலிருந்து கடலுக்குள் நேராகப் போகும் கோட்டில் எடுங்கள். ஆற்று முகத்துவாரம், அலை உடையும் இடத்துக்கு அப்பால், அப்புறம் தண்ணீர் நிறம் மாறும் இடம். எங்கே நிறம் மாறும், எத்தனை பாகம் (ஆழம் அளக்க மீனவர்கள் சொல்லும் அளவு) ஆழம் என்று மீனவர்களுக்குத் தெரியும், அவர்களிடம் கேட்டே குறியுங்கள். விசைப்படகு வாடகைக்கு எடுக்க நினைத்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதை நினைவில் வையுங்கள். கோடைத் தரவு முழுக்க ஓட்டையாகிவிடும். ஃபைபர் படகுகளுக்கு அந்தத் தடை கிடையாது. தூரம் குறைந்தாலும் வருடம் முழுக்கப் போக முடியும் என்பதால் ஃபைபர் படகே என் தேர்வு. எடுக்கும்போது இன்ஜின் பக்கம் எடுக்காதீர்கள், எண்ணெய்ப் படலம் சேரும். காற்று வரும் பக்கமாக, படகின் முன்பக்கத்தில் குனிந்து, பாட்டிலை மூடியபடியே தண்ணீருக்குள் இறக்கித் திறக்க வேண்டும். ஏற்றமா வற்றமா என்பதையும் எழுதுங்கள். இந்தக் கரையில் ஏற்ற வற்ற உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், முகத்துவாரத்தில் அதுவே கடல் தண்ணீரா ஆற்றுத் தண்ணீரா என்பதைத் தீர்மானித்துவிடும்.

மைக்ரோஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்ததால் மற்ற கருவியின் பலனை இழக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நடுக்கடல் பக்கத்துத் தெளிந்த மாதிரிகளில் சிலவற்றை ஃப்ளோ சைட்டோமீட்டர் உள்ள நிறுவனத்துக்கு அனுப்பி ஒப்பிட்டுக்கொள்ளலாம். அதற்குக் குளூட்டரால்டிஹைடில் நிலைப்படுத்தித் திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வேண்டும். திரவ நைட்ரஜனுக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். மாடுகளுக்குச் சினை ஊசி போட உறைவிந்தை வைத்திருக்கும் கால்நடை மருந்தகங்களுக்கு அது தவறாமல் வருகிறது. முறையாக எழுதிக் கேட்டால், எங்கிருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்றாவது வழி சொல்வார்கள்.

எண்ணி முடித்த ஸ்லைடுகளைத் தூக்கிப் போடாமல் உறைபெட்டியில், இருட்டான டப்பாவில் வையுங்கள். பதிவேட்டில் தேதி, இடம், ஆழம், உப்பளவு, வெப்பநிலை, ஏற்ற வற்றம், வடிகட்டிய அளவு, எண்ணிய கட்டங்கள் எல்லாம் இருக்கட்டும். எண்ணியவர் பெயரையும் ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். அடுத்த பேட்ச் பிள்ளைகள் உட்கார்ந்து மறுபடி சரிபார்க்கும்போது எந்தெந்த ஸ்லைடை எடுக்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியும்.